சிந்தினாலும் போகாத அடைப்பு

வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறீர்கள். சற்று நேரத்தில் வலது மூக்கு அடைத்துக்கொள்கிறது. சரி போகட்டும் என்று இடப்பக்கம் புரண்டால், கால் மணி நேரத்துக்குள் வலது திறந்து இடது அடைக்கிறது. எழுந்து போய் வாஷ்பேசின் முன் நின்று, காது ஙொய்யென்று அடைக்கும்வரை சிந்திப் பார்க்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. சளிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் சிந்தினால் வெளியே விழ வேண்டாமா? புரண்டு படுத்ததும் அது எந்த வழியாகப் பக்கத்து மூக்குக்குக் குடிபோனது? நடுவில்தான் ஒரு சுவர் இருக்கிறதே!

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், மருந்துக்கடை அலமாரியில் அக்கம்பக்கமாக நிற்கும் இரண்டு வகை மூக்கு ஸ்பிரேக்களில் எதை எப்போது அடிப்பது, இரண்டையும் சேர்த்து அடிக்கலாமா, எத்தனை நாள் அடிக்கலாம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

மூக்குக்குள் ஒரு திண்ணை

மூக்கை இரண்டு குழாய்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே எட்டிப் பார்த்தால் அது பழைய வீட்டு நடை மாதிரி இருக்கும். நடுவில் குருத்தெலும்பும் எலும்பும் சேர்ந்த ஒரு தடுப்புச் சுவர். அதற்கு எதிர்ச் சுவரிலிருந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று திண்ணைகள் நீட்டிக்கொண்டிருக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இவற்றை டர்பினேட் என்பார்கள். நாம் மூக்குத் திண்ணை என்றே வைத்துக்கொள்வோம். மூன்றில் கீழே இருப்பதுதான் பெரியது. நம் கதை பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது.

திண்ணைக்குள் இருக்கும் எலும்பு மெலிது. அதன்மேல் போர்த்திய சதை கடற்பஞ்சு போன்றது, நுண்ணிய இரத்த அறைகள் நிறைந்தது. அறைகளில் இரத்தம் நிரம்பினால் திண்ணை உப்பும், வடிந்தால் சுருங்கும். வெளிக்காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் திண்ணை உப்பித் தடுப்புச் சுவரை இடித்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. நாம் மூக்கடைப்பு என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த வீக்கம்தான். சளி அதன்மேல் பூசிய மெழுகு மாதிரி. வீங்கிய திண்ணையைச் சிந்தி வெளியே தள்ள முடியுமா?

எவ்வளவு இரத்தம் உள்ளே இருக்கவேண்டும் என்பதை நரம்புகள் தீர்மானிக்கின்றன. அவற்றின் நுனியிலிருந்து நாரட்ரினலின் என்ற வேதிப்பொருள் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. அது இரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள தசையை இறுக்கிப் பிடித்து, திண்ணை உப்பாமல் பார்த்துக்கொள்கிறது. இந்தப் பிடி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சில மணி நேரம் இடப்பக்கம் இறுகி வலப்பக்கம் தளரும், பிறகு மாறும். இதை 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். அவருக்கு வெகுகாலம் முன்பே நம்மூரில் சரம் பார்த்தவர்கள் இடது மூக்கில் இடகலை ஓடுகிறதா வலதில் பிங்கலை ஓடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துக் கணித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவுகள் வேறு. கவனித்தது என்னவோ நிஜம்.

ஒருக்களித்துப் படுக்கும்போது விலாப்புறம் அழுந்துகிறது. அந்த அழுத்தம் ஓர் அனிச்சைச் செயலாக அதே பக்கத்துத் திண்ணையை உப்பச் செய்கிறது. படுத்த நிலையில் தலையிலிருந்து இரத்தம் வடிவதும் மந்தமாகிறது. ஆகவே கீழ்ப்பக்க மூக்கு அடைக்கிறது. புரண்டால் அடைப்பும் புரள்கிறது. உடம்பு சரியாக இருக்கும்போது இது நமக்குத் தெரிவதே இல்லை. ஜலதோஷமோ தூசி ஒவ்வாமையோ வந்து திண்ணை ஏற்கெனவே முக்கால்வாசி வீங்கியிருக்கும்போதுதான் மிச்சமுள்ள கால்வாசியும் கணக்கில் வருகிறது.

திறந்ததுபோல ஒரு தோற்றம்

விக்ஸ் இன்ஹேலரை உறிஞ்சியதும் மூக்கு ‘ஜில்’லென்று திறந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். மூக்கினுள் குளிரை உணரும் நரம்புகள் இருக்கின்றன. காற்று வேகமாகப் போனால் உட்பரப்பு குளிரும், நரம்பு மூளைக்குச் சொல்லும், மூளை ‘வழி திறந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். மென்தால் அந்த நரம்பை நேராகவே தட்டி எழுப்பிவிடுகிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரான் எக்கிள்ஸ் காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்தார். மென்தால் முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டது என்றார்கள். கருவியில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இதற்காக விக்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். தூக்கம் வருவதற்கு அந்தப் பிரமை போதும் என்றால் நல்லதுதான். நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதிலும் கிடைக்கும் இதத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். திண்ணையின் வீக்கத்தை வடியவைக்க வேறு மருந்து வேண்டும் என்பது மட்டும்தான் சங்கதி.

ஐந்து நிமிட மருந்து

முதல் வகை ஸ்பிரே அந்த வேலையைச் செய்கிறது. இதை அடைப்புநீக்கி என்போம். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகிய இரண்டும் இந்த வகையில் பிரபலம். ஆக்சிமெட்டசோலினை 1961இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். நம்மூரில் நாசிவியான் என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

இது செய்வது ஆள்மாறாட்டம். இரத்தக் குழாய்த் தசையின்மேல் நாரட்ரினலின் வந்து பொருந்துவதற்கென்று சில புரதங்கள் காத்திருக்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்பார்கள். பூட்டில் சாவி பொருந்துவதுபோல நாரட்ரினலின் பொருந்தினால் தசை இறுகும். அடைப்புநீக்கி கிட்டத்தட்ட அதே சாவி, ஆனால் எளிதில் கழன்றுவராத சாவி. உடம்பு சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை இது ஒரே அடியில் வெள்ளமாகக் கொடுக்கிறது. ஐந்து பத்து நிமிடத்தில் திண்ணை வற்றிச் சுருங்கிவிடுகிறது. பத்து மணி நேரத்துக்குமேல்கூட அப்படியே நிற்கும். மூக்கடைப்பில் மூன்று நாள் தூங்காதவனுக்கு இது தெய்வம் நேரில் வந்த மாதிரி.

இங்கே ஒன்று. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் என்று ஒரு பெயர் இருக்கும். இதுவும் அடைப்புநீக்கிதான். வாய்வழியாக விழுங்கும்போது குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில், மாத்திரையாக விழுங்கினால் இது மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்கில் நேரே அடிக்கும் ஸ்பிரேயின் கதை வேறு. அது உடனே வேலை செய்கிறது. தொல்லையே அதில்தான் ஆரம்பம்.

புட்டி தலையணைக்கு அடியில் குடியேறுகிறது

இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. கிட்டத்தட்ட எட்டு மாதம் இந்தப் புட்டியோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு சளிக்காய்ச்சலுக்கு வாங்கியது. முதலில் இரவுக்கு ஒரு முறை. பிறகு காலையிலும். பிறகு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும். சட்டைப்பையில் ஒன்று, அலுவலக மேஜை இழுப்பறையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. ஒருமுறை ஊருக்குப் போகிற ராத்திரி பஸ்ஸில் புட்டியைக் காணோம். பஸ் சாப்பாட்டுக்கு நின்ற இடத்தில் பரோட்டாக் கடைக்காரரிடம் ‘இங்கே மெடிக்கல் ஷாப் ஏதாவது திறந்திருக்குமா’ என்று மணி ஒன்றரைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. மீளடைப்பு. மருந்தின் வேலை தீர்ந்ததும் முன்பைவிட மோசமாக அடைப்பது. மருந்தாலேயே வரும் இந்த மூக்கு நோயைப் பற்றி 1940களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். அப்போது புழக்கத்தில் இருந்தவை எஃபிட்ரின் போன்ற பழைய சொட்டு மருந்துகள்.

உள்ளே நடப்பது இரண்டு. ஓயாமல் சாவி திருகப்படும் ஏற்பியை செல் சும்மா விட்டுவைப்பதில்லை. அதை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, மிச்சமிருப்பவையும் மரத்துப்போகின்றன. ஓயாமல் மணி அடிக்கும் வீட்டில் மணியையே கழற்றி வைப்பது மாதிரி. ஆகவே நேற்று பத்து மணி நேரம் நின்ற மருந்து இன்று ஐந்து மணி நேரம்தான் நிற்கிறது. இரண்டாவது, வெளியிலிருந்து இவ்வளவு வருகிறதே என்று நரம்பு நுனி தன் சொந்த நாரட்ரினலினைக் கசியவிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தும் இறங்கி, சொந்தச் சரக்கும் இல்லாத அந்த வேளையில் இரத்தக் குழாயைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. திண்ணை அணை உடைந்ததுபோல் நிரம்புகிறது. நாம் என்ன செய்கிறோம்? மறுபடி புட்டியைத் தேடுகிறோம்.

இரண்டு வார மருந்து

அலமாரியில் பக்கத்தில் நிற்கும் மற்ற வகை, ஸ்டீராய்டு ஸ்பிரே. புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு என்ற பெயர்களில் வருவது. இது ஏற்பியை வெளியிலிருந்து தட்டுவதில்லை. செல்லுக்குள் நுழைந்து உட்கருவுக்கே போய், எந்தப் புரதத்தைச் செய்வது, எதை நிறுத்துவது என்ற பட்டியலைத் திருத்துகிறது. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களின் தயாரிப்பு குறைகிறது. ஒவ்வாமைச் செல்கள் திண்ணைக்கு வந்து குவிவது குறைகிறது. பட்டியலைத் திருத்தி, பழைய சரக்கு தீர்ந்து, புது நிலைமை வருவதற்கு நேரம் பிடிக்கும். அரை நாளில் லேசாகத் தெரியலாம். முழுப் பலன் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்று பயப்படுகிறவர்கள் பலர். மாத்திரையாக நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயம். ஸ்பிரேயின் கணக்கு வேறு. புளூட்டிகசோன் ப்ரோப்பியோனேட்டில் ஒரு பஃப் 50 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு பஃப், ஆக நாளைக்கு 200. பத்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றின் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்கு. எடைக்கு எடை புளூட்டிகசோன் வீரியமானது என்பதால் இந்த ஒப்பீடு மட்டும் போதாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மூக்கில் அடித்ததில் இரத்தத்துக்குப் போவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. விழுங்கிய பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. மூக்கு உலர்வது, சிலசமயம் இரத்தம் கசிவது, இவைதான் அடிக்கடி கேட்கும் புகார்.

நம் வீடுகளில் நடக்கும் வேடிக்கை என்னவென்றால், இரண்டு புட்டியையும் மாற்றிப் பிடித்துக்கொள்கிறோம். மூன்று நாளில் நிறுத்த வேண்டிய அடைப்புநீக்கியை மாதக்கணக்கில் அடிக்கிறோம். தினமும் விடாமல் அடிக்க வேண்டிய ஸ்டீராய்டை, அடைக்கிறபோது மட்டும் இரண்டு பஃப் அடித்து, ‘இது கேட்கவே இல்லை’ என்று பீரோவில் போட்டுவிடுகிறோம்.

டண்டீயில் பதினேழு நாள்

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வைத்தியநாதன், லிப்வொர்த் முதலியோர் செய்து 2010இல் வெளியிட்ட சோதனையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒவ்வாமையோ சளியோ இல்லாத 19 ஆரோக்கியமானவர்களை எடுத்துக்கொண்டார்கள். இது கவனிக்க வேண்டிய இடம். நோய் இல்லாத மூக்கில் அடைப்பு வந்தால், பழியைத் தூசிமேலோ கிருமிமேலோ போட முடியாது, மருந்துதான் காரணம். மூக்கை அளப்பதற்குப் பல வழிகளை வைத்துக்கொண்டார்கள். அவற்றில் எளிதானது இது. மூக்கின்மேல் ஒரு முகமூடியை அழுத்திப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, முடிந்த மட்டும் வேகமாக உறிஞ்ச வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று போயிற்று என்று கருவி காட்டும். திண்ணை உப்பியிருந்தால் அளவு விழும்.

முதல் நாள் அளந்துவிட்டு, ஆக்சிமெட்டசோலினைத் தினம் மூன்று வேளை, வேளைக்கு 200 மைக்ரோகிராம், 14 நாள் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் காலை மறுபடி அளந்தார்கள். நல்ல மூக்குகள் அடைத்துக்கிடந்தன. உறிஞ்சும் வேகம் முதல் நாளைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அதோடு, அந்த அடைப்பின்மேல் ஆக்சிமெட்டசோலினைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தபோதும் முதல் நாள் திறந்த அளவுக்குத் திறக்கவில்லை. மீளடைப்பும் மருந்து மரத்துப்போவதும் ஒரே மூக்கில், இரண்டே வாரத்தில்.

அடுத்ததுதான் சோதனையின் உயிர். அடைப்புநீக்கியை அவர்கள் நிறுத்தவில்லை. அதை அப்படியே தொடரவிட்டு, அதனுடன் புளூட்டிகசோனைக் காலையும் மாலையும் 200 மைக்ரோகிராம் வீதம் சேர்த்தார்கள். மூன்றே நாள். பதினேழாம் நாள் அளந்தபோது, பதினான்காம் நாளின் அடைப்பு விலகியிருந்தது. மரத்துப்போன மருந்துக்கு மூக்கு பழையபடி பதில் சொல்லத் தொடங்கியிருந்தது.

செல்லின் பட்டியலை ஸ்டீராய்டு திருத்துகிறது என்று சொன்னோம் அல்லவா? அந்தப் பட்டியலில் அடைப்புநீக்கிக்கான ஏற்பிகளும் உண்டு. ஒரு மருந்து கழற்றிவைக்கச் செய்த மணியை இன்னொரு மருந்து திரும்ப மாட்டச் செய்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆக இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அடைப்புநீக்கி வழியைத் திறந்து ஸ்டீராய்டு உள்ளே போய்ப் படிய உதவுகிறது. ஸ்டீராய்டு பதிலுக்கு ஏற்பிகளைக் காப்பாற்றித் தருகிறது.

அடுத்த ஆண்டு, 2011இல், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபுவாத் பரூடி குழுவினர் ஆண்டு முழுக்க ஒவ்வாமை உள்ளவர்களிடம் இதையே நான்கு வாரம் பார்த்தார்கள். நாளைக்கு ஒரே முறை ஸ்டீராய்டும் ஒரே முறை ஆக்சிமெட்டசோலினும். சேர்த்து அடித்தவர்களுக்கு அடைப்பு அதிகம் குறைந்தது, மீளடைப்பு தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் ஸ்டீராய்டு துணைக்கு இருக்கும்வரை அடைப்புநீக்கியை எத்தனை மாதமும் அடிக்கலாம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். இவை சிறு கூட்டத்திடம் சில வாரம் மட்டும் பார்த்தவை. டாக்டர் கண்காணிப்பில் நாளைக்கு ஒருமுறை என்று அளந்து கொடுத்ததற்கும், இரவில் தூக்கக் கலக்கத்தில் கை போனபோதெல்லாம் அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடைப்புநீக்கிக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் என்ற பொதுவிதி இன்னும் நிற்கிறது. டாக்டர் கூடுதலாகச் சொன்னால் அது அவர் உங்கள் மூக்கைப் பார்த்துச் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பொருந்தாது.

ஓர் இரவின் வரிசை

இனி கை வேலை. கடுமையான அடைப்பு, டாக்டர் இரண்டையும் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணி.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவும் வழக்கம் இருந்தால் அது முதலில். பின்னால் கழுவினால் காசு கொடுத்து வாங்கிய மருந்தெல்லாம் வாஷ்பேசினில் போகும். குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் வேண்டும். மூளையைத் தாக்கும் அமீபா என்று 2024, 2025இல் கேரளத்திலிருந்து வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது உடம்புக்குள் நுழையும் வாசல் மூக்குதான்.

பிறகு அடைப்புநீக்கி. லேபிளில் உள்ள அளவு, அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். அடித்துவிட்டுப் புட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பல் துலக்குங்கள், பால் காய்ச்சுங்கள். பத்து நிமிடம் போகட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் திண்ணை வற்றி வழி திறந்திருக்கும். மெதுவாக ஒரு சிந்து சிந்தினால் பின்னால் தேங்கியிருந்த சளியும் இப்போது வரும்.

அடுத்து ஸ்டீராய்டு. புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அதில் கரைந்திருப்பதில்லை, பொடியாக மிதக்கிறது. புதுப் புட்டி என்றால் மெல்லிய பனி மாதிரி வரும்வரை காற்றில் சில முறை அடித்துப் பார்க்க வேண்டும். தலையை அண்ணாந்து பார்க்கக் கூடாது, செருப்பைப் பார்ப்பதுபோல லேசாகக் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. எதிர்க் கையால் பிடித்தால் நுனி தானாகவே காதுப் பக்கம், அதாவது திண்ணைப் பக்கம் சாயும். அதே பக்கத்துக் கையால் பிடித்தால் நடுச்சுவரில் அடிக்கும். மருந்தும் வீண், நாளடைவில் சுவர் புண்ணாகி இரத்தமும் வரும். மூக்கில் இரத்தம் வருகிறது என்று ஸ்டீராய்டை விட்டவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது கை மாற்றம்தான் என்பது என் ஊகம்.

அடிக்கும்போது பூவை முகர்வதுபோல மெல்ல இழுத்தால் போதும். கசப்பாகத் தொண்டையில் இறங்கினால் வேகமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே சிந்தக் கூடாது. அவ்வளவுதான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அடைப்புநீக்கி நிற்கிறது. ஸ்டீராய்டு தொடர்கிறது. முன்னது இறங்குவதற்குள் பின்னது வேலையைக் கையில் எடுத்திருக்கும். ஏற்பாட்டின் சூட்சுமம் இந்தக் கைமாற்றம்.

வாங்கும்போது புட்டியில் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே புட்டியில் இரண்டு மருந்து கலந்த ஸ்பிரேக்கள் நிறைய வந்துவிட்டன. டுவோநேஸ் போன்றவற்றில் புளூட்டிகசோனுடன் இருப்பது அசெலாஸ்டின், அது ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து, அடைப்புநீக்கி அல்ல. அது தெரியாமல் தனியாக இன்னொரு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சேர்த்து அடித்தால் ஸ்டீராய்டு இரட்டிப்பாகும்.

யார் கை வைக்கக் கூடாது

அடைப்புநீக்கி மூக்கின் இரத்தக் குழாயை இறுக்குவதோடு நிற்காமல் கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், மிகைத் தைராய்டு, ஒருவகைக் கண்ணழுத்த நோய், பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமம், இவை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். மன அழுத்தத்துக்கான சில பழைய மாத்திரைகளோடும் இது சேராது. கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டே அடிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஸ்பிரேயில் மறக்கக் கூடாத ஒன்று: எச்ஐவிக்குக் கொடுக்கும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை புளூட்டிகசோனைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் தடுக்கும். அப்போது ஸ்பிரேயும் மாத்திரையைப்போல உடம்பெங்கும் வேலை காட்டத் தொடங்கும்.

குழந்தைகள் விஷயத்தில் பயம் இன்னும் அதிகம். அமுக்கினால் பீச்சும் பிளாஸ்டிக் புட்டி, பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான். அடைப்புநீக்கியை ஒன்றிரண்டு மில்லிலிட்டர் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நாடித் துடிப்புக் குறைவும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் எச்சரித்தது. தலையணைக்கு அடியில் வைப்பதில் இந்த அபாயமும் இருக்கிறது. நான் அப்போது அதை யோசிக்கவில்லை.

ஒரே பக்கம் விடாமல் அடைத்திருந்தாலோ, அதோடு இரத்தமோ நாற்றமோ வந்தாலோ ஸ்பிரே ஆராய்ச்சியை விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போவதுதான் சரி.

பாதி மூக்கு வைத்தியம்

எட்டு மாதப் புட்டியை நான் விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். ‘இன்றோடு நிறுத்து’ என்றுதான் டாக்டர் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரேயை எழுதினார். இரண்டு மூக்கிலும் தினம் அடிக்கச் சொன்னார். அடைப்புநீக்கியைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது: ‘வலது மூக்குல மட்டும் நிறுத்துங்க. இடதுல வேணும்னா ராத்திரி அடிச்சுக்குங்க.’

யோசித்தால் அதில் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் நிறுத்தினால் இரண்டு திண்ணையும் சேர்ந்து உப்பும், வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டு, மூன்று மணிக்கு மனிதன் தோற்றுப்போவான். ஒரு பக்கம் திறந்திருந்தால் தூங்கலாம். அடைத்த பக்கம் தன் ஏற்பிகளை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்துகொள்ளும், ஸ்டீராய்டு அதற்கு ஆள்துணை.

முதல் மூன்று இரவும் வலது மூக்கு சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல இருந்தது. நான்காம் நாள் குளிக்கும்போது ஒரு நூலிழை காற்று போயிற்று. பிறகு மறுபடி அடைத்தது. ஏழாம் நாள் காலை, அடுக்களையில் காபிப் பொடி டப்பாவை வீட்டில் யாரோ திறந்தார்கள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. இடது மூக்கை விரலால் அழுத்தி மூடிப் பார்த்தேன். அப்போதும் வந்தது. அன்று ராத்திரி இடது மூக்கிலும் நிறுத்தினேன்.